கடலூர், புதுச்சேரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு: குறித்த நேரத்தில் சென்றுசேரப் பயணத்தைத் திட்டமிடும் முறை

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எத்தனை மணி பஸ்ஸைப் பிடிக்கணும்?" என்பதாகவே இருக்கும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எல்லாவற்றுக்கும் கடைசியில் கேட்க வேண்டியது. முதன்முறையாக வேலை தேடிப் புறப்படும் இளைஞர்கள் தாமதமாகப் போய்ச் சேர்வதற்குத் தூரம் காரணமாக இருப்பது அரிது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஏறத்தாழ 22 கிலோமீட்டர்தான் இருக்கிறது. அந்த 22 கிலோமீட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள காத்திருப்புகளும், வண்டி மாறுதல்களும், நிறுவனத்தின் வாசலில் நடக்கும் பதிவுகளுமே நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. அவற்றைப் பெரும்பாலோர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே தேர்வு நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்து, வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்தை முடிவுசெய்யும் முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்

அழைப்பு மின்னஞ்சலின் அடியில் அச்சாகியிருக்கும் முகவரி, பல நேரங்களில் நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரியாக இருக்கும். அலுவலகம் சென்னையில் இருக்க, தேர்வு கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ஆலையில் நடப்பதுண்டு. ஆலை இங்கிருக்க, தேர்வு சென்னையில் நடப்பதும் உண்டு. கடிதத்தில் 'தேர்வு நடைபெறும் இடம்' என்று தனியாகக் குறிப்பிடப்படாவிட்டால், மனிதவளப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டுவிடுங்கள். எந்த வளாகம், எந்த வாசல், வாசலில் யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் ஒரே அழைப்பில் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அதிகாரிகளைத் தொந்தரவு செய்துவிடுவோமோ என்ற தயக்கம், குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருக்கும் பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது. அந்தத் தயக்கம் வேண்டாம். முன்கூட்டியே இடத்தை விசாரிப்பவரைப் பற்றி எந்த நிறுவனமும் தாழ்வாக நினைப்பதில்லை.

ஊர்ப் பெயர்களிலும் கவனம் தேவை. ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரை அடுத்து இருப்பது கிளாம்பாக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில், சிறுசேரிக்குத் தெற்கே இருப்பது கேளம்பாக்கம். இரண்டுக்கும் இடையே வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை முழுவதையும் கடக்க வேண்டியிருக்கும். புதுச்சேரியின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையைத் தேடும்போது, கைபேசி வரைபடம் கோவைக்கு அருகிலுள்ள மேட்டுப்பாளையத்தைக் காட்டிவிடலாம். விழுப்புரம் சாலையிலுள்ள திருபுவனைக்கும் கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்துக்கும் இடையே இதே குழப்பம் நேர்கிறது.

தொழிற்பேட்டைகளில் வரைபடத்தின் புள்ளியை முழுதாக நம்ப முடியாது. அது பேட்டையின் நடுவில் எங்கேனும் குத்தப்பட்டிருக்கும். கடலூர் சிப்காட், சிதம்பரம் சாலையை ஒட்டி நீண்டு கிடக்கிறது. பேருந்தில் ஏறி "சிப்காட் ஒண்ணு" என்று சீட்டு கேட்டால், "எந்தக் கம்பெனி?" என்று நடத்துநர் திருப்பிக் கேட்பார். அந்தப் பதிலுக்காகவே அருகிலுள்ள நிறுத்தத்தின் பெயரை முன்பே அறிந்துவைத்திருக்க வேண்டும். நெய்வேலி நகரியம் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், அங்கே தெருப் பெயரைக் காட்டிலும் வட்ட எண்தான் வழிகாட்டும். எண் இல்லாமல் நெய்வேலிக்குப் போய் இறங்காதீர்கள். புதுச்சேரி நகருக்குள் வீதிகள் நேர்க்கோடாக இருந்தாலும் பல வீதிகள் ஒருவழிப் பாதைகள். சில வீதிகளுக்குப் பழைய பிரெஞ்சுப் பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. எந்த வீதியும் எந்த வீதியும் சந்திக்கும் இடம் என்று கேட்டுக்கொண்டால் ஆட்டோ ஓட்டுநருக்கு எளிதாகப் புரியும். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்பதால், அங்குள்ள அலுவலகத்துக்குச் சீக்கிரமே போகிறவர்கள் கொஞ்ச தூரம் நடக்கத் தயாராக இருக்க வேண்டும்.

பின்னோக்கி எண்ணுதல்

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஒருவருக்கு, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு வேலைநாளில் காலை 10 மணிக்குத் தேர்வு என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளை எடுத்து அடியிலிருந்து மேலே எழுதிக்கொண்டு வாருங்கள்.

பத்து மணிக்கு அவர் அறைக்குள் அழைக்கப்பட வேண்டும். ஆலை வாசலில் காவலாளி பதிவேட்டில் பெயர் எழுதச் சொல்வார், அடையாள அட்டையைக் கேட்பார், உள்ளே தொலைபேசியில் பேசி அனுமதி வாங்குவார். அன்று தேர்வுக்கு இருபது பேர் வந்திருந்தால் அங்கேயே ஒரு வரிசை நிற்கும். ஆகவே வாசலை அடைய வேண்டிய நேரம் 9.30. புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கி, மேட்டுப்பாளையம் செல்லும் பேருந்துக்கோ ஆட்டோவுக்கோ காத்திருக்கப் பதினைந்து நிமிடம், காலை நெரிசலில் பயணத்துக்கு அரை மணி நேரம். அப்படியானால் பேருந்து நிலையத்தில் 8.45க்கு இறங்கியிருக்க வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சாலை காலியாக இருக்கும்போது முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆனால் பள்ளி, கல்லூரி, அலுவலகம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும் காலை வேளையில் ஒன்றேகால் மணி நேரத்தைக் கணக்கில் வைப்பதே நல்லது. எனவே கடலூர் பேருந்து நிலையத்திலிருந்து வண்டி 7.30க்குப் புறப்பட்டாக வேண்டும். முதல் வண்டியில் நிற்கக்கூட இடமில்லாமல் அடுத்ததற்காகக் காத்திருக்க நேர்ந்தால் அதற்குப் பதினைந்து நிமிடம். மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூரிலுள்ள பேருந்து நிலையத்துக்கு வர இருபது நிமிடம். இப்போது 6.55 ஆகிறது. இதன்மேல் எதிர்பாராததற்காக அரை மணி நேரம் ஒதுக்கினால், வீட்டு வாசலைக் கடக்க வேண்டிய நேரம் காலை 6.25.

இருபத்து சொச்சம் கிலோமீட்டர் பயணத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்பாகவா என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தத் தாளைக் காட்டுங்கள். வண்டி ஓடும் நேரம் அதில் பாதிதான்; மற்றதெல்லாம் நிற்கும் நேரம், நடக்கும் நேரம், பதியும் நேரம். எல்லாம் நல்லபடியாக நடந்து எட்டரை மணிக்கே சென்றுவிட்டாலும் இழப்பு ஒன்றுமில்லை. அருகில் ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை ஒருமுறை படித்துவிட்டு, ஒன்பதரைக்கு வாசலுக்குப் போகலாம். ஒன்றரை மணி நேரம் முன்பே வரவேற்பறையில் போய் உட்கார்ந்திருப்பது அங்கே இருப்பவர்களுக்குச் சங்கடம் தரும். அரை மணி நேரம் முன்பு என்பது பொருத்தமான அளவு.

எதிர்பாராததற்கான அந்த ஒதுக்கீட்டை எவ்வளவு வைப்பது என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். வண்டி மாறும் ஒவ்வோர் இடத்துக்கும் பதினைந்து நிமிடம் என்று கூட்டுங்கள். மேலே சொன்ன பயணத்தில் வீட்டிலிருந்து வந்து பேருந்தில் ஏறும் இடம் ஒன்று, புதுச்சேரியில் மாறும் இடம் ஒன்று. ஆகவே அரை மணி. நேர் வண்டியில் நூறு கிலோமீட்டர் போவதைவிட, மூன்று வண்டி மாறி முப்பது கிலோமீட்டர் போவதில்தான் நேரம் தவற வாய்ப்பு அதிகம்.

சாலையில் நேரம் எங்கே போகிறது

கடலூரிலிருந்து வடக்கே போகும் பேருந்து ஆல்பேட்டையைத் தாண்டித் தென்பெண்ணைப் பாலத்தைக் கடந்து, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முதலியார்பேட்டை வழியாகப் புதுச்சேரிக்குள் நுழைகிறது. தவளக்குப்பத்திலிருந்தே வேகம் குறையத் தொடங்கும். அரியாங்குப்பம் கடைத்தெருவிலும் முதலியார்பேட்டையிலும் காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை வண்டிகள் ஊர்ந்துதான் செல்லும். முதலியார்பேட்டை அருகே ரயில்வே கேட் மூடப்பட்டால் இன்னும் சில நிமிடங்கள் போகும். நகருக்குள் நெல்லித்தோப்பு, இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை ஆகிய சந்திப்புகளில் ஒவ்வொரு சிக்னலிலும் இரண்டு முறை பச்சை விழுந்தால்தான் கடக்க முடியும் என்ற எண்ணத்தோடு கணக்கிடுங்கள். எட்டு மணிக்கு முன்பே அரியாங்குப்பத்தைக் கடந்துவிடும் பேருந்தைத் தேர்ந்தெடுப்பது, இந்த வழித்தடத்தில் என் முதல் அறிவுரை. அரை மணி முன்னதாகப் புறப்படும் பேருந்து, பல நாட்களில் ஒரு மணி நேரம் முன்னதாகவே கொண்டுசேர்த்துவிடும்.

எல்லோரும் புதுச்சேரி பேருந்து நிலையத்துக்குள் வந்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. திருபுவனை, மதகடிப்பட்டு பகுதியிலுள்ள ஆலைகள் விழுப்புரம் சாலையிலேயே இருக்கின்றன. பண்ருட்டியிலிருந்து வருபவர்கள் விழுப்புரம் போய், அங்கிருந்து புதுச்சேரி செல்லும் சாதாரணப் பேருந்தில் ஏறித் திருபுவனையில் இறங்கினால், நகரின் நெரிசலை முழுவதுமாகத் தவிர்க்கலாம். இடைநில்லாப் பேருந்து அங்கே நிற்காது என்பதால் ஏறும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். கிருமாம்பாக்கம் பக்கத்திலுள்ள மருத்துவக் கல்லூரிகளும் ஆலைகளும் கடலூரிலிருந்து போகும் வழியிலேயே இருக்கின்றன. கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டிலுள்ள பல்கலைக்கழகத்துக்கும் நகரைக் கடந்துதான் போக வேண்டும். சேதராப்பட்டுக்குப் போகிறவர்கள் கடைசித் துண்டை நன்றாக விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நகரத்துக்குள் கிடைப்பதுபோல அடுத்தடுத்து வண்டிகள் அங்கே கிடைக்காது.

விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலைப் பணிகளுக்குப் பிறகு, தொலைதூரப் பேருந்துகளில் ஏறும்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: வண்டி ஊருக்குள் போகுமா, புறவழிச்சாலையிலேயே இறக்கிவிடுமா? புறவழிச்சாலையில் அதிகாலையில் இறங்கி ஆட்டோ கிடைக்காமல் நிற்பது, குறிப்பாகத் தனியாக வரும் பெண்களுக்கு, தவிர்க்க வேண்டிய நிலை.

தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து மகளிருக்குக் கட்டணமில்லை. பயிற்சிக்கும் பலமுறை விசாரிக்கப் போவதற்கும் அது பெரிய உதவி. தேர்வு நாளன்று மட்டும் கட்டணமில்லாப் பேருந்துக்காகக் காத்திருந்து, முன்னால் வரும் கட்டணப் பேருந்தை விட்டுவிடாதீர்கள்.

நாளும் பருவமும்

தேதி கிடைத்ததும் நாட்காட்டியைப் பாருங்கள். திங்கட்கிழமை என்றால், ஞாயிறு இரவும் திங்கள் அதிகாலையும் சென்னை நோக்கிச் செல்லும் பேருந்துகள் நிரம்பி வழியும். ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகளில் வாகனங்கள் நீண்டு நிற்கும். தொடர் விடுமுறை முடிந்த மறுநாள் இது பன்மடங்காகும். தைப்பூசத்தன்று வடலூரில் சோதி தரிசனத்துக்குக் கூட்டம் திரள்வதால் கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி வழியாக நெய்வேலிக்குப் போகும் சாலை வழக்கம்போல் இருக்காது. மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் தீர்த்தவாரிக்காகச் சாமிகள் வரும் வழிகளில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். ஆடி மாதத்தில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயில் தேரோட்டத்தன்று அரியாங்குப்பம் பகுதியில் பேருந்து நகர்வது கடினம். நவம்பர் 1 புதுச்சேரியின் விடுதலை நாள். அங்கே அரசு விடுமுறை, தமிழ்நாட்டில் இல்லை. இப்படி இரு பக்கத்து விடுமுறைகளும் வேறுபடுவதால், அழைப்பிலுள்ள தேதி சரிதானா என்பதையும் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தனிக் கவனம் வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கடந்தது. ஃபெஞ்சலின்போது புயலைவிட அதற்குப் பின் வந்த வெள்ளம்தான் பயணத்தை முடக்கியது. சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூர் வரை ஊர்களைச் சூழ்ந்தது; விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் ரத்தாயின. எனவே மழை விட்டுவிட்டது என்று நிம்மதி அடையாமல், அணை நீர்வரத்துச் செய்தியையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று மாதங்களில் வெளியூர்த் தேர்வு என்றால், முந்தைய நாளே போய்ச் சேர்ந்துவிடுவது பாதுகாப்பு. சாலை துண்டிக்கப்பட்டிருந்தால் உயிரைப் பணயம் வைத்துக் கடக்க முயல வேண்டாம். மாவட்ட நிர்வாகம் விடுமுறை அறிவித்த செய்தியைக் குறிப்பிட்டு மாற்றுத் தேதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால், பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன.

சென்னையில் தேர்வு என்றால்

புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு இரண்டு சாலைகள் இருக்கின்றன: மரக்காணம், மாமல்லபுரம் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை, திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலை. எந்தச் சாலை வேகமானது என்பதைவிட, தேர்வு நடக்கும் இடம் எந்தச் சாலையின் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். சோழிங்கநல்லூரில் தேர்வு என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் அக்கரையில் இறங்கிக் குறுக்குச் சாலையில் போய்விடலாம். சிறுசேரி என்றால் கோவளத்தில் இறங்கிக் கேளம்பாக்கம் வழியாக வரலாம். ஒரகடம் என்றால் ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஸ்ரீபெரும்புதூர் சாலையைப் பிடிக்க வேண்டும். மறைமலைநகர், மகேந்திரா சிட்டி போன்ற இடங்களுக்கும் சென்னைக்குள் நுழையத் தேவையில்லை. சென்னை வேலை என்று சொன்னதுமே நகரின் நடுப்பகுதி வரை போய், அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் திரும்பி வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தென்மாவட்டங்களிலிருந்து வரும் பேருந்துகளில் மிகுதியானவை அங்கேயே நின்றுவிடுகின்றன. கோயம்பேட்டில் இறங்கி மெட்ரோவில் போகலாம் என்று அண்ணனோ அக்காவோ தம் காலத்து அனுபவத்தில் சொன்ன வழி இப்போது பொருந்தாமல் போகலாம். சீட்டு வாங்கும்போதே, "இந்த வண்டி எங்கே முடியும்?" என்று நடத்துநரிடம் கேளுங்கள். கிளாம்பாக்கத்தில் முடிந்தால், அங்கிருந்து மாநகரப் பேருந்திலோ, தாம்பரம் வந்து புறநகர் மின்சார ரயிலிலோ நகருக்குள் செல்ல வேண்டும். கிண்டிக்கோ தியாகராய நகருக்கோ போகிறவர்கள் இதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். புதுச்சேரியிலிருந்து சென்னை எல்லையைத் தொடவே மூன்று மணி நேரம் ஆகும் என்பதால், கதவு முதல் கதவு வரை ஐந்து மணி நேரம் என்று கொள்ளலாம். கடலூர்க்காரர்கள் அதன்மேல் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதனால்தான் சென்னையில் காலை 11 மணிக்கு முன் தேர்வு என்றால், முந்தைய நாள் மாலையே போய்த் தங்குவதை நான் வலியுறுத்துகிறேன். இரவு இரண்டு மணிக்குப் பேருந்தேறி, தூக்கமில்லாமல், பேருந்து நிலையக் கழிப்பறையில் உடை மாற்றிக்கொண்டு போகும் ஒருவர் நேரத்துக்குப் போய்விட்டாலும், கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தெளிவோடு இருப்பது கடினம். தங்குவதற்கு உறவினர் வீடு இருந்தால், அந்த வீட்டிலிருந்து தேர்வு இடத்துக்கு எவ்வளவு நேரம் என்பதையும் பாருங்கள். ஆவடியிலுள்ள சித்தப்பா வீட்டில் தங்கிச் சிறுசேரிக்குப் போவதற்குப் புதுச்சேரியிலிருந்தே போய்விடலாம். கூட்டாக அழைக்கப்பட்ட நண்பர்கள் சேர்ந்து, தேர்வு இடத்துக்கு அருகில் ஒரு நாள் அறை எடுத்துக்கொள்வது செலவையும் குறைக்கும்.

அரசுப் பணிக்கான வாய்மொழித் தேர்வுக்கோ சான்றிதழ் சரிபார்ப்புக்கோ பாரிமுனைக்கு அருகிலுள்ள தேர்வாணைய அலுவலகத்துக்குச் செல்பவர்கள், எழும்பூரிலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். எழுத்துத் தேர்வுகளைப் பொறுத்தவரை, அனுமதிச் சீட்டில் அச்சிட்டுள்ள நேரத்துக்குப் பின் வாசற்கதவு திறக்காது. அங்கே எந்த விளக்கமும் செல்லாது என்பதை மனத்தில் வைத்துக் கணக்கிடுங்கள்.

ரயிலில் போகிறவர்களுக்கு

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நேரடி ரயில் பாதை கிடையாது. புதுச்சேரி, விழுப்புரத்திலிருந்து பிரிந்து வரும் கிளைப் பாதையின் கடைசி நிலையம்; கடலூரோ விழுப்புரம்–மயிலாடுதுறை பாதையில் இருக்கிறது. கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம் சந்திப்பு என இரண்டு நிலையங்கள் உள்ளன. பேருந்து நிலையத்தை ஒட்டியிருப்பது திருப்பாதிரிப்புலியூர். துறைமுகம் சந்திப்பு பழைய நகரில் இருக்கிறது. எல்லா விரைவு ரயில்களும் இரண்டிலும் நிற்பதில்லை. பயணச்சீட்டில் எந்த நிலையம் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

நள்ளிரவை ஒட்டிய ரயில்களில் தேதி மாறும் என்பது புதியவர்கள் அறியாத ஒன்று. 15ஆம் தேதி 00.20 மணி ரயில் என்றால், 14ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு நிலையத்துக்குப் போக வேண்டும். 15ஆம் தேதி இரவு போனால் அந்த ரயில் அன்று அதிகாலையிலேயே போயிருக்கும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. தேர்வு அழைப்போ ஒரு வாரத்துக்கு முன்தான் வரும் என்பதால் காத்திருப்போர் பட்டியலே கிடைக்கும். இணையத்தில் எடுத்த சீட்டு, பட்டியல் தயாரான பின்னும் காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்து ஏற முடியாது. தட்கல் சீட்டு பயணத்துக்கு முந்தைய நாள், குளிர்சாதனப் பெட்டிகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கிறது. கிடைக்காவிட்டால் பேருந்து என்ற இரண்டாவது வழியை அன்றே முடிவுசெய்துவிடுங்கள். ரயில் எழும்பூர் வரை போகிறதா, தாம்பரத்திலேயே நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நிலையப் பணிகளுக்காக இது மாறுவதுண்டு.

ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்

உள்ளூர்த் தேர்வு என்றால் ஒத்திகைப் பயணத்துக்கு ஈடானது வேறில்லை. அதைத் தேர்வு நடக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பார்த்துவிட்டு "அரை மணிதான் ஆகுது" என்று திரும்புவதில் பயனில்லை. போகும்போது ஏறிய நேரம், இறங்கிய நேரம், வாசலைத் தொட்ட நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். போக முடியாதவர்கள் கைபேசி வரைபடத்தில் 'சென்றுசேர வேண்டிய நேரம்' என்பதைத் தேர்ந்து, அதே கிழமைக்குரிய மதிப்பீட்டைப் பார்க்கலாம். காருக்கான மதிப்பீட்டைப் பேருந்துக்கு எடுத்துக்கொள்ளாமல், அதோடு மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றையும்விட, அந்த வழியில் தினமும் வேலைக்குப் போகும் அக்கம்பக்கத்தவரிடம் பேசுவது மேல். ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவருக்குத் தெரிந்த வண்டி நேரங்கள் எந்தச் செயலியிலும் இருப்பதில்லை.

முந்தைய இரவும் அன்றைய காலையும்

அசல் சான்றிதழ்கள், நகல்கள், புகைப்படங்கள், ஆதார் அட்டை, அழைப்புக் கடிதம் ஆகியவற்றை நெகிழி உறையிலிட்டுப் பையில் வைத்துவிடுங்கள். முகவரியையும் தொடர்பு எண்ணையும் ஒரு தாளிலும் எழுதி வைத்திருங்கள். கைபேசி அணைந்துவிட்டால் அது ஒன்றே துணை. சில்லறை நோட்டுகளாக முந்நூறு, நானூறு ரூபாய் தனியாக இருக்கட்டும், அவசரத்துக்கு ஆட்டோ பிடிக்க அது உதவும். ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தேர்வுக்கான சட்டையையோ சுடிதாரையோ பையில் வைத்துக்கொண்டு, வேறு உடையில் பயணம் செய்யலாம். காலையில் இட்லி போன்ற எளிய உணவைச் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் தலைக்கவசம், உரிமம், எரிபொருள் ஆகியவற்றை முந்தைய இரவே பார்த்துவிட வேண்டும். வெளியூர்த் தேர்வுக்கு நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

தாமதமாகிறது என்று தெரிந்தால்

குறித்த நேரம் கடந்த பின் பேசுவதும், கடப்பதற்கு முன் பேசுவதும் ஒன்றல்ல. 9.30க்கு வாசலில் இருக்க வேண்டியவர் 9.15க்கு இன்னும் அரியாங்குப்பத்தில் நிற்கிறார் என்றால், அப்போதே பேச வேண்டும். "வணக்கம் சார், இன்று காலை பத்து மணித் தேர்வுக்கு வந்துகொண்டிருக்கிறேன். அரியாங்குப்பத்தில் போக்குவரத்து நின்றுவிட்டது. பத்தரைக்குள் வாசலுக்கு வந்துவிடுவேன். என்னைக் கடைசியாக அழைக்க முடியுமா?" இவ்வளவு போதும். பெயரையும் விண்ணப்பித்த பணியையும் சேர்த்துச் சொல்லுங்கள். வந்துசேரும் நேரத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பத்தரை என்று சொல்லிவிட்டுப் பத்தேகாலுக்குப் போவது நல்லது, பத்தேகால் என்று சொல்லிவிட்டுப் பத்தரைக்குப் போனால் இரண்டாவது முறையாகத் தாமதித்தவராகிறோம். அழைப்பு எடுக்கப்படாவிட்டால் அதையே குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். உள்ளே போனதும் ஒரு வரியில் வருத்தம் தெரிவித்துவிட்டுத் தேர்வுக்குத் தயாராகிவிட வேண்டும். பேருந்துக் கதையை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

திரும்பி வருதல்

எழுத்துச் சுற்று, தொழில்நுட்பச் சுற்று, மனிதவளச் சுற்று என்று தேர்வு மாலை வரை நீளக்கூடும். மதியம் இரண்டு மணிக்குத் திரும்பும் ரயிலில் சீட்டு எடுத்துவைத்தவர், மூன்றாம் சுற்றுக்கு அழைக்கும்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். திரும்பும் பயணத்துக்கு முன்பதிவு செய்வதாக இருந்தால் இரவு வண்டியையே தேர்ந்தெடுங்கள்.

குறித்துவைத்த பயண நேரங்களை எறிந்துவிடாமல் கையோடு தேர்வு அறைக்கும் கொண்டுபோங்கள். புதுச்சேரித் தொழிற்பேட்டைகளில் கடலூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களிடம், "தினமும் எப்படி வருவீங்க? எட்டு மணி ஷிப்டுக்கு வர முடியுமா?" என்று கேட்பது வழக்கம். எந்த நேரத்துக்கு எந்தப் பேருந்து, எங்கே மாற வேண்டும், வாசலுக்கு எத்தனை மணிக்கு வந்து சேரலாம் என்பதை அந்தக் குறிப்புகளிலிருந்தே சொல்லலாம். பேருந்து சரிவராத ஷிப்டு என்றால், அருகில் அறை எடுத்துத் தங்குவீர்களா என்பதையும் வீட்டில் முன்பே பேசி முடிவுசெய்துகொண்டு போங்கள்.